பேரீச்சை மரமும் சாப்பிட்ட தட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் ‘டூன்’ நாவல் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததால் நல்லாயிருக்கு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நேற்று ராத்திரி படித்து முடித்தேன். நல்லாயிருக்கு என்பது அந்தப் புத்தகத்துக்குப் போதாது. அதோடு, போன முறை வந்தபோது உர்சுலா லெ குவினின் ‘தெஹானு’ நாவலைப் பற்றி நீ சொன்ன ஒன்றுக்கும் பதில் பாக்கி இருக்கிறது.

புத்தகத்தில் நீ பென்சிலால் கோடு போட்ட இடங்களைப் பார்த்தேன். பயத்தை வெல்லும் மந்திரம், பேரரசரின் சூழ்ச்சி, கதாநாயகன் பால் அட்ரெய்டீஸ் காணும் எதிர்காலக் காட்சிகள். நான் கோடு போட்ட இடங்கள் வேறு. கதை நடக்கும் அந்தப் பாலைவனக் கிரகத்தில் அரண்மனைக்கு வெளியே இருபது பேரீச்சை மரங்கள் நிற்குமே, நினைவிருக்கிறதா? குடும்ப வைத்தியர் டாக்டர் யூவே, பாலின் அம்மா ஜெஸிகாவிடம் அதற்கு ஒரு கணக்குச் சொல்வார். ஒரு மரத்துக்கு நாளைக்கு 40 லிட்டர் தண்ணீர் வேண்டும், ஒரு ஆளுக்கு 8 லிட்டர் போதும். அப்படியானால் ஒரு மரம் ஐந்து பேருக்குச் சமம், இருபது மரமும் நூறு பேருக்குச் சமம். தெருவில் போகிறவர்கள் அந்த மரங்களை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே போவார்கள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். முதுகுளத்தூர் பக்கம் அம்மாச்சி ஊரில் ஊருணி வற்றிய வருடங்களில் கண்மாய்க்குள் ஊத்துத் தோண்டித்தான் தண்ணீர் எடுப்போம். ஊறி வரும் வரைக்கும் காத்திருந்து, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். மண் கலங்கிவிட்டால் மறுபடியும் தெளியும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு குடம் நிறைவதற்குள் விடிந்துவிடும். ஊரில் ஒரு பெரிய வீட்டின் கொல்லையில் மட்டும் வாழை பச்சையாக நிற்கும். வெறுங்குடத்தோடு அந்த வழியாகப் போகும்போது நாங்கள் அந்த வாழையை அப்படித்தான் பார்ப்போம். அமெரிக்காவில் உட்கார்ந்து 1965-இல் புத்தகம் வெளியிட்ட ஃபிராங்க் ஹெர்பர்ட்டுக்கு இது எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

விருந்துக் காட்சியையும் சொல்ல வேண்டும். அந்த அரண்மனையில் ஒரு பழைய வழக்கம். விருந்தாளிகள் கை நனைத்து, தண்ணீரைத் தரையில் சிந்தி, துண்டில் துடைத்துப் போடுவார்கள். துண்டைப் பிழிந்து வரும் தண்ணீர் வாசலில் பிச்சைக்காரர்களுக்கு விற்கப்படும். பாலின் அப்பா லீட்டோ அதை நிறுத்தி, வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார். ராட்சதப் புழுக்களும் விண்கப்பல்களும் இல்லாமலே அந்த உலகம் இன்னதென்று இந்த ஒரு காட்சியில் தெரிந்துவிடுகிறது. பாலைவன மக்களின் தலைவன் ஸ்டில்கர் மேஜையில் துப்புவதும் அப்படித்தான். நம் கண்ணுக்கு அவமரியாதை, அந்த ஊரில் உடம்பின் ஈரத்தையே காணிக்கையாகக் கொடுப்பது. அவர்களில் ஜேமிஸ் என்ற ஒருவன் செத்த பிறகு அவன் உடம்பிலிருந்து எடுத்த நீரை அளக்கிறார்கள், 33 லிட்டரும் கொஞ்சமும் வருகிறது. அருவருப்பாக இருக்கும் என்று நினைத்துத்தான் படித்தேன். இல்லை, ஒரு சடங்கின் அமைதி இருந்தது.

இன்னொன்று உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். ஹெர்பர்ட்டுக்கு இந்தக் கதையின் விதை ஓரிகன் மாநிலக் கடற்கரையில்தான் கிடைத்தது. ஃபிளாரன்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் நகர்ந்து வரும் மணல்மேடுகளைப் புல் நட்டுக் கட்டிப்போட அரசாங்கம் முயன்றது. அதைப் பற்றிக் கட்டுரை எழுதப் போனவர் கட்டுரையை முடிக்கவில்லை, நாவலுக்குள் போய்விட்டார். நட்ட புல் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்தது. இன்று அதே புல் அளவுக்கு மீறிப் பரவி, அங்கங்கே பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். நம் சீமைக்கருவேலத்தை நினைத்துக்கொண்டேன். விறகுக்கு ஆகும் என்று வந்த மரம் கண்மாய், வயல், ஊருணிக் கரை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. ஆனாலும் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் எத்தனை என்று உனக்கே தெரியும். ஒற்றை வார்த்தையில் நல்லது கெட்டது சொல்ல முடியாத மரம் அது. டூனிலும் கிரகத்தைப் பச்சையாக்க ஃபிரெமன்கள் என்ற அந்தப் பாலைவன மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் சேர்க்கிறார்கள். ஆனால் அந்த ராட்சதப் புழுவுக்குத் தண்ணீர் விஷம், புழு இல்லாவிட்டால் அந்தக் கிரகத்தில் மட்டும் கிடைக்கும் ‘மசாலா’ என்ற விலைமதிப்பற்ற போதைப்பொருளும் இல்லை. இதை மறைக்காமல் வைத்ததற்காக எனக்கு அந்த மனிதர்மேல் பெரிய மரியாதை.

சரி, மனதில் உறுத்துவதையும் சொல்லிவிடுகிறேன். ஷடவுட் மேப்ஸ் என்று ஒரு வீட்டுப் பணிப்பெண் வருகிறாளே, ஷடவுட் என்றால் கிணற்றில் நீர் மொள்பவள் என்று ஜெஸிகா கண்டுபிடிப்பாள். அந்தப் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன், இவளோடு கதை கொஞ்ச தூரம் நடக்கும் என்று நினைத்தேன். துரோகம் நடக்கும் ராத்திரியில் அவளைக் குத்திப் போட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். பாலுக்கும் அவன் காதலி சானிக்கும் பிறந்த குழந்தை சாவதும் ஒரு சில வரிகளில் கடந்து போகிறது. பிறகு போர், வெற்றி, முடிசூட்டு. பெற்றவளாக என்னால் அந்த வேகத்தில் கடக்க முடியவில்லை. தண்ணீரின் விலையை இவ்வளவு துல்லியமாக அளந்தவர் அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதனால்தான் ‘தெஹானு’வில் “ஒண்ணுமே நடக்கலையேம்மா” என்று நீ சொன்னதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

உர்சுலா லெ குவின் எர்த்ஸீ என்ற தீவுகளின் கதை வரிசையில் முதல் புத்தகத்தை 1968-இலும், மூன்றாவதை 1972-இலும் எழுதினார். தெஹானு வந்தது 1990-இல். பதினெட்டு வருடம் கழித்து அதே தீவுகளுக்குத் திரும்பி வந்து, இம்முறை அடுப்படி வழியாக உள்ளே போகிறார். மூன்றாம் புத்தகத்தில் செத்தவர்களின் நிலத்தில் ஒரு வறண்ட ஆறு வருமே, கல் மட்டும் கிடக்கும் ஆறு. கோடையில் பரமக்குடிப் பாலத்தில் நின்று வைகையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆற்றை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அங்கேதான் கெட் என்ற பெரிய மந்திரவாதி தன் சக்தி முழுவதையும் செலவழித்துவிட்டு வெறும் ஆளாகத் திரும்புகிறான். மற்றவர்கள் கதையை அதோடு முடிப்பார்கள். அப்படித் திரும்பிய மனிதன் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வான் என்று லெ குவின் கேட்கிறார். அவன் வெட்கப்பட்டு ஒளிகிறான், ஆடு மேய்க்கப் போகிறான், கடைசியில் சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவுகிறான்.

கதையைச் சுமப்பது டெனார். புருஷன் போய்விட்டான், பிள்ளைகள் பெரியவர்கள் ஆகிவிட்டார்கள், தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. இந்த வகைப் புத்தகங்களில் அந்த வயதுப் பெண் சூனியக்காரியாகவோ கஞ்சி ஊற்றும் கிழவியாகவோ வந்துதான் நான் பார்த்திருக்கிறேன். இங்கே அவள்தான் நடுவில் நிற்கிறாள். நெருப்பில் தள்ளப்பட்டு ஒரு பக்க முகமும் கையும் வெந்துபோன ஒரு பெண்குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். அந்தக் குழந்தையின் முகத்தை ஊரே பார்க்கத் தயங்கும்போது இவள் பார்க்கிறாள். இதெல்லாம் ‘நடப்பது’ ஆகாதா, தம்பி?

பிறகு மகன் ஸ்பார்க் கடலிலிருந்து வீட்டுக்கு வருகிறான். சாப்பிட்ட தட்டை எடுக்க மாட்டேன், அது பெண்கள் வேலை என்கிறான். இந்த அடுப்படியில் சாப்பிடுகிற எல்லாருக்கும் உள்ள வேலை என்று டெனார் சொல்லியும் அவன் அசையவில்லை. இவனை வளர்த்ததில் எங்கே தவறினேன் என்று அவள் யோசிக்கும் இடத்தில் நான் அழுதேன். நீ அப்படி இல்லை, உன் தட்டை நீ கழுவி வைப்பவன். ஆனால் உங்கள் அப்பா இருந்தவரை ஒரு நாளும் அவரிடம் நான் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. அறுபது வயதுக்கு மேல் ஒரு டிராகன் கதை இதை எனக்குக் காட்டுகிறது.

எர்த்ஸீயில் மெய்ப்பெயரை நம்பிக்கையானவர்களிடம் மட்டும் சொல்வது எனக்குப் புதிதாகவே படவில்லை. உன் அப்பத்தா கடைசி வரை தாத்தா பெயரைச் சொன்னதில்லை, ரேஷன் கடையில் கேட்டால் என்னைத்தான் சொல்லச் சொல்வார். ஆனால் லெ குவினின் கதையில் ஒருவர் பெயரை இன்னொருவர் தெரிந்துகொண்டால் அதிகாரம் வருகிறது, கூடவே பொறுப்பும் வருகிறது. அப்பத்தாவுக்கு அதில் எது கிடைத்தது என்று இத்தனை நாள் கழித்து யோசிக்கிறேன்.

நீ தெஹானுவைப் படித்தது கல்லூரியில். இப்போது இன்னொரு முறை படி. முழுக்க முடியாவிட்டால் ஸ்பார்க் வரும் இடத்திலிருந்தாவது படித்துவிட்டு எனக்கு எழுது, போனில் வேண்டாம். பொங்கலுக்கு வரும்போது எர்த்ஸீ வரிசையில் ‘தி அதர் விண்ட்’ வாங்கி வா. ‘டூன் மெஸையா’வுக்கு மதுரையில் சொல்லி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் வந்துவிடும் என்றார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அன்புடன்,
அம்மா