செத்த குருவியை மட்டும் பாத்தால் கணக்கு வராது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட அறிவியல் பக்கத்தில புயலுக்குப் பிறகு செத்துக் கிடந்த குருவியளைப் பற்றி வந்த கட்டுரையை ரெண்டுதரம் வாசிச்சன். படமெல்லாம் நல்லம், ஆனா கடைசியில "பலமில்லாதது அழிஞ்சுது, பலமானது தப்பிச்சுது, இதுதான் இயற்கைத் தேர்வு" எண்டு முடிச்சிருக்கிறியள், அதுதான் இருக்க விடேல்லை. எவ்வளவு பலம்? தப்பினதை ஆர் அளந்தது? நான் ஏ/எல் பிள்ளையளுக்கு உயிரியல் படிப்பிக்கிறனான், அவையும் "தக்கன பிழைத்தல்" எண்டு பாடமாக்கிக்கொண்டு வந்து நிப்பினம், எது தக்கது எண்டால் பிழைச்சது எண்டுவினம், எது பிழைக்கும் எண்டால் தக்கது எண்டுவினம், செக்குமாடு மாதிரி.

இந்தப் புயல் குருவிக் கதை புதுசும் இல்லை. 1898 இல அமெரிக்காவில ரோட் ஐலண்ட் பக்கம் பனியும் மழையுமா அடிச்ச புயல்ல விழுந்து கிடந்த 136 அடைக்கலாங்குருவியை பிரவுண் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவர, அதில 72 தப்பிச்சுது, 64 செத்துப்போச்சு. ஹேர்மன் பம்பஸ் எண்டவர் செத்ததையும் அளந்தார், தப்பினதையும் அளந்தார், நீளம், நிறை, செட்டை விரிப்பு எண்டு ஒவ்வொரு குருவியின்ர இலக்கத்தையும் அப்பிடியே அச்சில போட்டுவிட்டார். அதாலதான் நூறு வருசம் கழிச்சும் ஆக்கள் அந்த அட்டவணையைத் தூக்கிவைச்சு வேற வேற முறையில கணக்குப் போட்டுப் பாக்கினம்.

இன்னும் வடிவான கதை பசிபிக் கடலில கலாபகசுத் தீவுகளில இருக்கிற டாப்னே மேஜர் எண்ட சின்னத் தீவு. பீற்றர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியும் அவையோட வேலை செய்த ஆக்களும் 1973 இல இருந்து அங்க பிஞ்ச் குருவியளைப் பிடிச்சு, காலில வளையம் போட்டு, சொண்டை அளந்து விட்டவை. 1977 இல மழை பொய்ச்சுப் போச்சு, மழைக்காலம் முழுக்க 24 மில்லிமீற்றர்தான், எங்களுக்கு மாரியில ஒரு நாளிலயே அதைவிடக் கூடக் கொட்டும். சின்ன மென்மையான விதையெல்லாம் முடிய மிஞ்சினது எங்கட நெருஞ்சியின்ர இனத்துச் செடி ஒண்டின்ர முள்ளுக் காய். நடுத்தரத் தரைப் பிஞ்ச் எண்ட இனத்தில 85 சதவீதமளவு செத்துது, தப்பினதுகளின்ர சொண்டு ஆழம், அதாவது மேலையிருந்து கீழ வரையான தடிப்பு, முந்தின இடையை (சராசரியை) விட அரை மில்லிமீற்றரளவு கூட.

அரை மில்லிமீற்றர் ஒரு பெரிய விசயமோ எண்டு பிள்ளையள் சிரிச்சவை. அடுத்த நாள் வளவுக்குள்ள கிடந்த நெருஞ்சிக்காயைப் பொறுக்கிக்கொண்டு போய், பாதிப் பேருக்குப் புருவம் பிடுங்கிற சாமணம், மற்றாக்களுக்கு வயர் வெட்டிற குறடு குடுத்து விதையை எடுங்கோ எண்டன். சாமணக்காரருக்குச் சாமணம் வளைஞ்சதுதான் மிச்சம், ஒரு பிள்ளைக்கு விரலில இரத்தம், குறட்டுக்காரர் டக்கெண்டு உடைச்சுப்போட்டுப் பாத்துக்கொண்டிருக்கினம். பிறகு ஒருத்தரும் சிரிக்கேல்லை.

இயற்கைத் தேர்வை அளக்கிற விதம் லேசு. முதல் எல்லாத்தின்ரயும் இடை, பிறகு தப்பினதுகளின்ர இடை, ரெண்டுக்கும் வித்தியாசம். அதை நியம விலகலால, அதாவது அந்தக் குணம் இடையில இருந்து பொதுவா எவ்வளவு சிதறிக் கிடக்குது எண்ட அளவால, பிரிச்சால் குருவிச் சொண்டையும் மீன் செதிளையும் ஒரே தராசில வைச்சுப் பாக்கலாம். ஆனா பெரிய சொண்டுக் குருவிக்கு உடம்பும் பெரிசுதானே, எது காப்பாத்தினது? அந்தச் சிக்கலைப் பிரிக்கத்தான் 1983 இல ரசல் லாண்டேயும் ஸ்டீவன் ஆர்னோல்டும் எல்லாக் குணத்தையும் ஒண்டா ரிகிரசன் எண்ட புள்ளிவிபரக் கணக்கில போட்டு, மற்றதை மாத்தாமல் ஒண்டை மட்டும் கூட்டினால் பிழைப்பு எவ்வளவு கூடும் எண்டு கண்டுபிடிக்கிற வழியைச் சொன்னவை. அதுவும் கையில அளந்து வைச்ச குணங்களுக்குள்ளதான், அளக்காமல் விட்டதுக்கு அந்தக் கணக்கு பொறுப்பில்லை.

2001 இல கிங்சோல்வர் எண்ட உயிரியலாளரும் கூட்டாளியளும் கனக்க உயிரினங்களில இப்பிடி வந்த 2,500 க்கு மேற்பட்ட அளவீடுகளைச் சேர்த்துப் பாத்தவை, அதில ரிகிரசன் கணக்கால வந்ததுகளில நடுவில நிண்ட இலக்கம் 0.16. எண்டால் குணம் ஒரு நியம விலகல் கூட, பிழைப்போ இனப்பெருக்கமோ சராசரியை விட 16 சதவீதமளவு மாறும். கனக்க ஆய்வுகளில உண்மையான வித்தியாசத்தையும் தற்செயலையும் பிரிச்சுக் காட்ட ஏலாத அளவு கொஞ்ச உயிரினத்தைத்தான் அளந்திருந்தவை, ஏனெண்டால் நூறு நூற்றம்பதை வைச்சுக்கொண்டு சின்ன வித்தியாசம் பிடிபடாது. உங்கட கட்டுரையில எத்தினை குருவி எண்டே இல்லை.

இன்னொண்டு, டாப்னேயில பெரிய சொண்டு எப்பவும் வெல்லேல்லை. 1982, 83 இல பசிபிக் கடல் சூடாகிற எல் நினோவால மழை கொட்டிச் சின்ன விதை பெருகின பிறகு சின்னச் சொண்டுக்குத்தான் காலம் வந்தது. அப்ப "பலமானது" எண்ட சொல்லை எங்க கொண்டுபோய் ஒட்டுறது? சொண்டு ஆழம் தகப்பன் தாயிட்டயிருந்து பிள்ளைக்குப் போற குணம், அதாலதான் 1978 இல பொரிச்ச குஞ்சுகளிலயும் அது கூடினது, இல்லாட்டி தேர்வு நடந்தாலும் அடுத்த தலைமுறையில ஒண்டும் மிஞ்சாது.

அடுத்தமுறை புயல் அடிச்சுக் குருவி விழுந்தால் செத்ததைப் படமெடுக்கிறதோட நிப்பாட்டாமல் ஒரு வேணியர் இடுக்கியும் கொண்டுபோகச் சொல்லுங்கோ, தப்பிப் பறக்கப் போறதையும் பிடிச்சு அளந்துபோட்டு விடட்டும். கட்டுரை எழுதினவர் கோப்பாய்ப் பக்கம் வந்தால் சொல்லுங்கோ, நெருஞ்சிக்காய் ஒரு பேணி வைச்சிருக்கிறன், சாமணமும் தாறன்.

இப்படிக்கு,
ஒரு ரியூசன் வாத்தியார்,
கோப்பாய்.