கப்ளிங் உருவிக்கொண்டதும் குடிநீர் லைனில் கலங்கல் வந்ததும்: உங்கள் பதில் போதவில்லை

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு

பொருள்: தீயணைப்பு ஹோஸ், நாசில், அடாப்டர் பற்றிய இரண்டாவது புகார்

ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் குடியிருப்பின் பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறவன் நான். உங்களிடம் வாங்கிய 63 மி.மீ. ஹோஸ் இரண்டு (ஒவ்வொன்றும் 15 மீட்டர்), லீவர் வைத்த நாசில் (தண்ணீர் பீச்சும் முனை), ஹோஸைத் தண்ணீர் லைனில் மாட்டும் அடாப்டர் பற்றி ஏற்கெனவே எழுதியிருந்தேன். ‘பயன்படுத்தியவரின் தவறு’ என்று நாலு வரியில் பதில் வந்தது. அதில் பாதி உண்மை என்று நானே ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை மறுபடி சொல்கிறேன். மொட்டை மாடித் தொட்டியைக் கழுவுவதற்காக, கீழே உள்ள பம்ப் லைனில் அடாப்டரை மாட்டி, இரண்டு ஹோஸையும் இணைத்து மேலே கொண்டுபோனோம். ‘தண்ணீர் லைனில் நேரடியாக மாட்டலாம்’ என்று அடாப்டர் பெட்டியின் மேல் நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். செய்துகாட்ட வந்த உங்கள் ஆளும் அதையேதான் சொன்னார். வால்வை மெதுவாகத்தான் திறந்தோம். அழுத்தம் காட்டும் கேஜில் 5 பார். ஹோஸின் மேல் எழுதியிருக்கும் வேலை அழுத்தம் 10 பார்.

வேலை முடிந்ததும் மேலே இருந்த பையன் லீவரை ஒரே தள்ளில் மூடினான். லைனில் ‘டம்’ என்று ஒரு சத்தம். சுவரோரம் இரண்டு ஹோஸும் சேருகிற இடத்தில், மேல் ஹோஸ் கப்ளிங்கிலிருந்து (ஹோஸ் முனையில் இருக்கும் உலோக இணைப்பு) உருவிக்கொண்டது. கப்ளிங் இரண்டும் கீழ் ஹோஸின் முனையோடு போய்விட்டன. அந்த உலோகக் கனத்தோடு ஹோஸ் துள்ளித் துள்ளி அடித்தது. பக்கத்தில் நின்றவருக்கு முழங்காலுக்குக் கீழே பலத்த அடி. எலும்பு முறியவில்லை, அவ்வளவுதான் ஆறுதல். ஓடிப்போய் வால்வை மூடுவதற்குள் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

லீவரைச் சட்டென்று மூடியது தவறுதான். ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரை ஒரே நொடியில் நிறுத்தினால் அதன் வேகமெல்லாம் அழுத்தமாக மாறி லைனைத் தாக்கும் என்று இப்போது தெரிகிறது. இரும்புக் குழாயாக இருந்தால், நொடிக்கு 1 மீட்டர் வேகத்தைத் திடீரென நிறுத்தினாலே 10 பாருக்கு மேல் அழுத்தம் எகிறுமாம். ஹோஸ் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் அந்த அளவுக்குப் போகாது. சரி, இதைப் பெட்டிக்குள் ஒரு வரியாவது எழுதினீர்களா? உங்கள் தாளில் இருப்பது கப்ளிங்கை மாட்டும் படமும் உத்தரவாத நிபந்தனையும் மட்டுமே. செய்துகாட்டியவரும் லீவரை ஒரே தட்டில் சட்டென்று மூடித்தான் காட்டினார்.

அப்புறம் இன்னொன்று. ஹோஸ் கிழியவில்லை. கப்ளிங் வாலில், அதாவது ஹோஸுக்குள் நுழையும் பகுதியில், கம்பி சுற்றிக் கட்டிய இடம்தான் விட்டது. சந்தேகம் வந்து, அதே தொகுதியில் வாங்கி இன்னும் பிரிக்காமல் வைத்திருந்த மூன்றாவது ஹோஸை எடுத்தோம். கம்பிக்கட்டின் ஓரத்தில் ஹோஸின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு 5 பார் வரை ஏற்றிப் பார்த்தோம். யாரும் எந்த லீவரையும் தொடவில்லை. ஆனாலும் கோடு கட்டை விட்டு 4 மி.மீ. நகர்ந்திருந்தது. இதுவும் பயன்படுத்தியவரின் தவறா?

கலங்கல் தண்ணீர் விஷயம் கப்ளிங் உருவிக்கொண்டதற்கு முந்தைய வாரம். ஹோஸ் மாடியில் இருக்கும்போதே பம்ப் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் அதே லைனில் இருக்கும் தரைத்தள வீடுகளின் குழாயில் ரப்பர் வாடையோடு கலங்கல் வந்தது. ‘இந்த வகை ஹோஸ் உறிஞ்சினால் தட்டையாகிவிடும், தண்ணீர் திரும்பிப் போக வழியில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். யோசித்துத்தான் எழுதினீர்களா? தட்டையாகும்போது உள்ளே இருந்த தண்ணீர் எங்கே போகும்? 15 மீட்டர் ஹோஸ் ஒன்றில் ஏறக்குறைய 47 லிட்டர் தண்ணீர் நிற்கும். 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் வீதம் அது கீழே அழுத்தும். பம்ப் நின்று, யாரோ ஒருவர் குழாயைத் திறந்தால் அது இறங்கித்தான் தீரும். அதைத் தடுக்க அடாப்டரில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) வேண்டும், அது இல்லை. ஹோஸை ஈரத்தோடு சுருட்டி வைத்தது எங்கள் பிழை. காயவைக்க வேண்டும் என்பதும் உங்கள் தாளில் கிடையாது.

மூன்று ஹோஸையும் மாற்றித் தர வேண்டும். அடிபட்டவரின் மருத்துவச் செலவை ஏற்க வேண்டும், ரசீதுகளின் நகல் இணைத்திருக்கிறேன். பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வு இல்லாமல் அந்த அடாப்டரை விற்பதை நிறுத்துங்கள். முடியாதென்றால் ‘நேரடியாக மாட்டலாம்’ என்ற வரியையாவது எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும்விட அவசரம், இதே தொகுதியில் வாங்கிய மற்றவர்களுக்கு இன்றே தகவல் சொல்வது. தீப்பிடித்த நேரத்தில் ஒருவர் கையில் இது உருவிக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கழன்ற ஹோஸ், கப்ளிங், பென்சில் கோடு போட்ட ஹோஸ் மூன்றையும் கை வைக்காமல் தனியே பூட்டி வைத்திருக்கிறேன். 15 நாளுக்குள் ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் முன்னிலையில்தான் பிரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
குடியிருப்புப் பராமரிப்புப் பொறுப்பாளர்