பி ஷிஃப்டுக்குப் பொறுப்பேற்கப்போகும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

அடுத்த மாதத்திலிருந்து கம்பெனியில் இரும்பு பாகங்களைக் கடையும் மெஷின் ஷாப்பில், இரவு பத்து வரை ஓடும் பி ஷிஃப்டை நீ பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மேனேஜர் கேட்டதையும், நீ யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டதையும் உன் அம்மா சொன்னாள். போனில் பேசினால் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை. திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பக்கம் இதே யோசனையில் இருக்கும் மற்ற பெண்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைக்கிறேன்.

அந்தப் பொறுப்பை நீ எடுத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

வீட்டில் சொல்லும் காரணம் நேரம். ஷிஃப்ட் முடிய இரவு பத்து ஆகிவிடும், பெண் பிள்ளை எப்படி வருவாள் என்கிறார்கள். உன் அம்மாவின் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலையில் ராத்திரி ஷேர் ஆட்டோவுக்கு நின்றவள் நான். வேன் ஏற்பாடு செய்யச் சொல்லிக் கம்பெனியிடம் கேட்கத்தான் வேண்டும். விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த 2021-க்குப் பிறகு இந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார். காசிமேட்டில் விடிவதற்கு முன்னால் நடக்கும் மீன் ஏலத்துக்கு நம் தெருப் பெண்கள் இருட்டிலேயே கிளம்பிப் போகிறார்கள். ஏலம் கேட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு, ஐஸ் தண்ணி சொட்டச் சொட்ட ஊரெல்லாம் விற்றுவிட்டு வருகிறார்கள். நம் ஆயா அப்படித்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார். ராத்திரியில் பெண் வெளியே போகலாமா என்று அவரை யாரும் கேட்டதில்லை. நம் பக்கத்தில் பெண்ணுக்கு இரவு வேலை புதிது இல்லை. பத்துப் பதினைந்து ஆண்களுக்கு ஒரு பெண் வேலை சொல்வதுதான் புதிது. ஆட்சேபம் அதற்குத்தான் வருகிறது, இரவைச் சாக்காகச் சொல்கிறார்கள்.

நான் ஷாப்பில் வேலை பார்த்த காலத்தில் அந்தச் சாக்குக்குச் சட்டமே துணை நின்றது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 66-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. காலை 6 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் பெண்களை வேலை வாங்கக் கூடாது என்றது. பாதுகாப்புக்காக எழுதிய விதிதான். ஆனால் இரவு ஷிஃப்ட் பார்க்காதவருக்கு ஷாப்பின் நெளிவு சுளிவு தெரியாது, அதனால் ஷிஃப்டுக்குப் பொறுப்பான சார்ஜ்மேன் பதவிக்கு அவர் பெயர் போகாது என்றுதான் அது நடைமுறையில் வந்து முடிந்தது. எனக்குப் பின்னால் சேர்ந்து, என்னிடம் மைக்ரோமீட்டர் வைத்து நுண்ணளவு பார்க்கக் கற்றுக்கொண்ட பையன்கள் எனக்கு முன்னால் மேலே போனார்கள். 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை அரசியலமைப்புக்கு விரோதமானது என்று ரத்து செய்தது. பாதுகாப்பும் போக்குவரத்தும் கொடுத்து வேலை வாங்க வேண்டும் என்று நிபந்தனைகளும் போட்டது. அந்தத் தீர்ப்புக்கு அப்புறம்தான் எனக்கு சார்ஜ் கிடைத்தது. உனக்கு அது இவ்வளவு சின்ன வயதிலேயே வருகிறது, பாப்பா. விட்டுவிடாதே.

அடுத்தது நீ உன் அம்மாவிடம் சொன்னது: "சீனியர் அண்ணன்மார் நான் சொன்னா கேக்க மாட்டாங்க." ஆமாம், முதலில் சிலர் கேட்க மாட்டார்கள். என்னிடம் ஒரு டர்னர் இருந்தார், லேத் என்கிற கடைசல் மெஷின் ஓட்டுபவர், வேலை சுத்தமான ஆள். லேத் ஓடும் சத்தத்தை வைத்தே டூல் மழுங்கிவிட்டது என்று சொல்லிவிடுவார். ஆனால் டிராயிங்கை என் கையிலிருந்து வாங்க மாட்டார். பக்கத்தில் நிற்கும் அப்ரென்டிஸிடம், "அந்தம்மா என்ன சொல்லுதுன்னு கேளுடா" என்பார். ஒரு வாரம் நீளமான ஷாஃப்டாக வந்தது. ஒரு முனை அளவுக்குச் சரியாக இருக்கும், மறுமுனை பருத்திருக்கும். ரிஜெக்‌ஷன் ஏறிக்கொண்டே போனது. மெட்டீரியல் சரியில்லை என்றார் அவர். நான் லேத்தில் டெஸ்ட் பார் என்கிற நேரான கம்பியை மாட்டி, நுண்ணிய விலகலைக் காட்டும் டயல் கேஜை வைத்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓட்டிப் பார்த்தேன். ஷாஃப்டின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் சென்டரை விட்டு நகர்ந்திருந்தது. "அண்ணே, நீங்களே ஒரு தடவை டயலைப் பாருங்க" என்றேன். பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஸ்க்ரூவைத் தளர்த்திச் சரிசெய்தார். மறுநாள் டிராயிங்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அதற்குமேல் எங்களுக்குள் நட்பெல்லாம் வரவில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை. வேலை நடந்தது.

அதை நான் சாதனையாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் வேலை தெரிகிறதா என்று பார்த்துப் பதவி கொடுக்கிறார்களா என்ன? ஓர் ஆண் சார்ஜ்மேன் தப்புச் செய்தால் அது அவர் தப்பு. நாம் செய்தால் "பொம்பளைங்களைப் போட்டா இப்படித்தான்" என்பார்கள். அது அநியாயம், அநியாயம் என்று தெரிந்தே உள்ளே போ. நூறு சதவீதம் தெரிந்த பிறகுதான் பொறுப்பை வாங்குவேன் என்று காத்திருக்காதே. தெரியாததை அந்த அண்ணன்மாரிடமே கேள், கூச்சப்படாதே. முடிவை மட்டும் நீ சொல்.

ஆண்கள் பெண் பேச்சைக் கேட்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் பிரியா ரவிச்சந்திரனை நினைத்துக்கொள். 2012 ஜனவரியில் சென்னையில் அரசு அலுவலகங்கள் இருக்கும் எழிலகத்தில் தீப்பிடித்தபோது வீரர்களோடு உள்ளே போன தீயணைப்பு அதிகாரி அவர். கட்டடம் இடிந்து விழுந்ததில் பலத்த தீக்காயம் பட்டது. கூடப் போன வீரர் அன்பழகன் உயிரிழந்தார். தேறி வந்து பிரியா மறுபடியும் அதே துறையில் வேலை பார்த்தார். நெருப்புக்குள் போகும்போது யாரை நம்பிப் போகிறோம் என்பதைத்தான் வீரர்கள் பார்த்திருப்பார்கள்.

இப்போது உன்னிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. "பொறுத்துக்கோ, தாங்கிக்கோ, பழகிடும்" என்று உனக்கு நிறையப் பேர் சொல்வார்கள், நல்லெண்ணத்தோடுதான். நான் சொல்ல மாட்டேன். எங்கள் ஷாப்பில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. கேட் பக்கத்து ஆபீஸ் கட்டடம் வரை நடக்க வேண்டும், போய் வந்தால் சூப்பர்வைசர் வாட்சைப் பார்ப்பார். அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தோம். ஃபர்னஸ் பக்கத்தில், மே மாத வெயிலில். ஒருத்திக்கு மாற்றி ஒருத்திக்கு நீர்க்கடுப்பு, காய்ச்சல். அதைப் பெண்ணின் மன உறுதி என்று ஒருவர் மகளிர் தின மேடையில் பாராட்டினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் முன்னால் சொன்ன தொழிற்சாலைகள் சட்டத்தின் 19-ஆவது பிரிவு பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கட்டாயம் என்று சொல்லியிருந்தது. சார்ஜ் கைக்கு வந்ததும் நான் முதலில் எழுதிய கடிதம் அதற்குத்தான். யூனியனும் கூட நின்றது. இழுத்தடித்தார்கள், ஆனால் கட்டினார்கள். சாதாரண ஆபரேட்டராக வாயால் பல தடவை கேட்டதைப் பொறுப்பில் இருந்துகொண்டு எழுத்தில் கேட்டபோதுதான் ஃபைல் நகர்ந்தது. நீ பதவியை எடுக்க வேண்டும் என்று நான் நச்சரிப்பதற்கு அதுதான் காரணம்.

இன்னொரு பெண்ணையும் உள்ளே கொண்டுவா. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-இல் மின் பொறியியல் படிக்கச் சேர்ந்த லலிதாவைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் பெண் குழந்தை. அவர் சேர்ந்த பிறகு லீலம்மா ஜார்ஜ், தெரேசியா என்று இன்னும் இரண்டு பெண்கள் சிவில் பிரிவுக்கு வந்தார்கள். அந்தத் தெரேசியாதான் 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். ஒருத்தி மட்டும் இருந்தால் அவளைக் காட்சிப் பொருளாகப் பார்ப்பார்கள். கூட ஆள் சேர்ந்தால்தான் வேலையைப் பார்ப்பார்கள். அடுத்த அப்ரென்டிஸ் பேட்ச் வரும்போது ஐ.டி.ஐ. முடித்த பெண்களின் விண்ணப்பங்களை நீயே கேட்டு வாங்கிப் படி.

பாலியல் புகார் விசாரிக்கும் உள் குழுவில் உன்னையும் போடுவார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013 சட்டப்படி அது இருந்தே ஆக வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சட்டத்தை முழுசாகப் படித்துவிடு.

அப்புறம், மேனேஜரிடம் சம்மதம் சொல்லும்போதே பதவி ஆர்டரை எழுத்தில் கையில் கொடுக்கச் சொல். "இப்போதைக்கு நீ பாரும்மா, அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். பொறுப்பு மட்டும் வரும், பதவியும் சம்பளமும் வராது. இதற்கு முன்னால் அந்த ஷிஃப்டைப் பார்த்தவருக்கு என்ன கிரேடு, என்ன அலவன்ஸ் என்று டைம் ஆபீஸில் விசாரித்துவிட்டுப் போ. சேஃப்டி ஷூ உன் சைஸில் வேண்டும் என்பதையும் அன்றைக்கே ஸ்டோர்ஸில் எழுதிக் கொடுத்துவிடு. ஆண்கள் சைஸில் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டு ஷாப்பில் நடக்காதே.

அன்புடன்,
அத்தை