மண்ணுக்கு அடியில் இருப்பதையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், குறிப்பாக ஜார்ஜியாவின் கிராமப்புறக் கவுண்டிகளில், பெட்ரோல் பங்கும் பலசரக்குக் கடையும் சேர்ந்த தொழிலை வாங்கலாமா என்று நம்மவர்கள் பலர் விசாரிக்கிறார்கள். அட்லாண்டா புறநகரில் ஒரு வீடு வாங்கும் பணத்துக்கு அங்கே நிலத்தோடு கடையே கிடைக்கும் என்று தரகர்கள் ஆசை காட்டுகிறார்கள். விலை மலிவு என்பது பல நேரம் உண்மைதான். ஏன் மலிவு என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லவே இக்கடிதம்.

ஜார்ஜியாவில் 159 கவுண்டிகள் உண்டு. நம் ஊர்க் கணக்கில் ஒரு தாலுகா என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் தாசில்தாரைப் போல மேலிருந்து நியமிக்கப்பட்டவர்கள் கையில் எல்லாம் இருப்பதில்லை. ஷெரிஃப், வரி வசூலிக்கும் ஆணையர், பத்திரங்களைப் பதிந்து வைக்கும் நீதிமன்ற எழுத்தர், உயில் விவகாரங்களைப் பார்க்கும் புரோபேட் நீதிபதி, நான்கு பேருமே ஓட்டு வாங்கி வந்தவர்கள். நேரில் போய்க் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். ஊருக்குப் போகும் முதல் நாள், கடையைப் பார்ப்பதற்கு முன், கவுண்டி அலுவலகங்கள் இருக்கும் கோர்ட்ஹவுஸுக்குப் போவதே சரி.

முதலில், பெட்ரோலைத் தேக்கி வைக்கும் நிலத்தடி டேங்க். முற்றத்தில் வட்டவட்டமாகத் தெரியும் இரும்பு மூடிகளில் ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். லோடு இறக்கும் குழாய் வாயைச் சுற்றி வாளி போல ஒரு தொட்டி இருக்கும். லாரிக் குழாயைக் கழற்றும்போது சிந்துவதைப் பிடிப்பதற்காக வைத்தது. ஸ்பில் பக்கெட் என்பார்கள். அது துடைத்தாற்போல் உலர்ந்து கிடந்தால் நல்லது. மழைத் தண்ணீரும் சருகும் எண்ணெய்ச் சேறும் தேங்கிக் கிடந்தால், அந்தப் பங்கை எப்படி நடத்துகிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். சில பக்கெட்டுகளின் அடியில் ஒரு வால்வு உண்டு. அதைத் தூக்கினால் தேங்கியதெல்லாம் நேரே டேங்குக்குள் இறங்கிவிடும். சிந்திய பெட்ரோலை வீணாக்காமல் இருக்க வைத்த வசதி அது. மழைக்குப் பிறகு வேலையாள் பக்கெட்டை இறைக்காமல் வால்வைத் தூக்கிவிட்டால், உள்ளே போவது தண்ணீர்.

தண்ணீர் போனால் என்ன ஆகும்? இங்கே பொதுவாக விற்கும் பெட்ரோலில் 10 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கும். ஏறக்குறைய அரை விழுக்காடு நீர் சேர்ந்தாலே போதும், எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டு நீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். 4,000 கேலன் பெட்ரோலைக் கெடுக்க 20 கேலன் நீர் போதும் என்று அர்த்தம். பம்ப் இழுப்பதும் டேங்கின் அடிப்பகுதியிலிருந்துதான். ஒரே மணி நேரத்தில் நிரப்பிக்கொண்டு போன வண்டிகளெல்லாம் வழியில் நின்றுபோகும். எல்லோரும் ஒருவருக்கொருவர் உறவான சிறிய ஊரில் அந்தச் செய்தி மாலைக்குள் பரவிவிடும். பழுது பார்த்த பில்லைக் கட்டிவிடலாம். போன பெயரைத் திரும்பப் பெற வருடக் கணக்காகும்.

ஆகவே உங்கள் கண்முன் டிப் போடச் சொல்லுங்கள். கோலின் நுனியில் பழுப்பு நிறப் பசையைத் தடவி அடிவரை இறக்கி எடுத்தால், நீர் நின்ற உயரம் வரைக்கும் பசை சிவந்திருக்கும். ஒன்றை மறக்கக் கூடாது: வழக்கமான பசை எத்தனால் கலந்த நீரைச் சரியாகக் காட்டாமல் போகலாம். அதற்கென்றே தனிப் பசை விற்கிறார்கள், அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது காகிதங்கள். கூட்டாட்சி விதிப்படி 30 நாளுக்கு ஒரு முறை கசிவுப் பரிசோதனையும் நேரடிச் சுற்றுப் பார்வையும் நடந்திருக்க வேண்டும். அழுத்தத்தில் ஓடும் குழாய்களின் கசிவுக் கருவியை ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். ஸ்பில் பக்கெட்டையும், டேங்க் நிரம்பி வழியாமல் தடுக்கும் அமைப்பையும் 3 ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். இரும்பு டேங்கானால் துருப்பிடிக்காமல் காக்கும் மின்காப்புக்கும் 3 ஆண்டுக்கு ஒரு சோதனை உண்டு. நடத்துகிறவர்களுக்கு ஏ, பி, சி என்று மூன்று நிலைப் பயிற்சி கட்டாயம். கடைசி 3 ஆண்டுக் கோப்பை மேசையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். "ஆடிட்டரிடம் இருக்கிறது" என்று பதில் வந்தால் கோப்பு இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பிரிவில் ஒவ்வொரு பங்குக்கும் ஓர் எண்ணும் கோப்பும் இருக்கின்றன. பழைய கசிவு ஏதாவது பதிவாகியிருந்தால் அங்கே தெரியும். கடை கைமாறிய 30 நாளுக்குள் புதிய உரிமையாளர் தன் பெயரை அறிவிக்க வேண்டும். கசிவு என்று சந்தேகம் வந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

மூடிக் கிடக்கும் பங்குகள்தான் எல்லாவற்றிலும் மலிவு. அதிகம் பேர் கையைச் சுட்டுக்கொள்வதும் அங்கேதான். இக்கால விதிகளுக்குப் பொருந்தாத டேங்க் 12 மாதத்துக்கு மேல் பயன்படாமல் கிடந்தால், அதை நிரந்தரமாக மூட வேண்டியிருக்கும்: காலி செய்து, சுத்தம் செய்து, சுற்றியுள்ள மண்ணைச் சோதித்துத் தோண்டி எடுக்க வேண்டும், அல்லது உள்ளே நிரப்பி மூட வேண்டும். 2016 ஏப்ரல் 11-க்குப் பிறகு புதைக்கும் டேங்குகளுக்கு இரட்டைச் சுவர் கட்டாயம். பழையது ஒற்றைச் சுவராக இருந்தால் அதே மாதிரி ஒன்றை வைத்து ஈடு செய்ய முடியாது. எனவே ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்: முதல் கட்டச் சுற்றுச்சூழல் ஆய்வும், அது சந்தேகம் எழுப்பினால் மண்ணில் துளையிட்டு மாதிரி எடுக்கும் இரண்டாம் கட்ட ஆய்வும் முடிந்த பிறகே கிரயம், முடிவு சரியில்லையானால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வேண்டும். முதல் கட்ட அறிக்கை 180 நாளைத் தாண்டியிருந்தால் புதுப்பிக்க வேண்டும். விற்பவர் பழைய அறிக்கையை நீட்டினால் முதலில் தேதியைப் பாருங்கள்.

மண்ணுக்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது. ஊர் எல்லைக்கு வெளியே சாக்கடை இணைப்பு அரிது, செப்டிக் டேங்க்தான். தொட்டியைவிட அதிலிருந்து நீர் பிரிந்து மண்ணில் ஊறும் வடிநிலம் முக்கியம். அதற்குக் கவுண்டி சுகாதாரத் துறை அனுமதி தருகிறது. எந்த உபயோகத்துக்கு, நாளுக்கு எத்தனை கேலனுக்கு என்பது அதில் இருக்கும். இரண்டு கழிப்பறைக்கு என்று அனுமதி வாங்கிய கடையில் பிறகு கோழி வறுக்கும் சமையலறை வைத்தால், எண்ணெய் வடிநிலத்துக் குழாய்களை அடைத்துவிடும். எண்ணெயைப் பிரித்து நிறுத்தும் கொழுப்புப் பொறி வைக்க வேண்டும், அனுமதியையும் மாற்ற வேண்டும். வடிநிலத்தின் மேல் லாரி நிறுத்த இடம் விட்டிருந்தால் குழாய் நசுங்கியிருக்கும். கோடையில் போய்ப் பார்த்தால் எதுவும் தெரியாது. தெற்கு ஜார்ஜியாவின் சமவெளியில் குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். அப்போது போய், கடைக்குப் பின்னால் புல் மட்டும் அடர்பச்சையாக இருக்கிறதா, நடந்தால் கால் புதைகிறதா என்று பாருங்கள். பக்கத்து அலபாமாவின் கரிசல் பகுதியில் இது இன்னும் மோசம். அங்கே களிமண் நீரை உள்ளே விடாமல் ஊதிக்கொள்வதால், லௌன்டஸ் கவுண்டியில் வீட்டுக் கழிவுநீரே முற்றத்தில் தேங்குவது நாடறிந்த பிரச்சினை.

பத்திரத்துக்கு வருவோம். இங்கும் பாகம் பிரிக்காத குடும்பச் சொத்து உண்டு. கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றில் உயில் எழுதாமலே மூன்று தலைமுறை கடந்திருக்கும். நிலம் இருபது முப்பது வாரிசுகளுக்குப் பொதுவாகக் கிடக்கும். ஒருவரிடம் கிரயம் வாங்கினால் அவர் பங்கு மட்டுமே உங்களுக்கு வரும். ஒரு வாரிசிடம் மலிவாக வாங்கி, மற்றவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்து மொத்த நிலத்தையும் பறித்தவர்கள் இருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் ஜார்ஜியா 2012-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அந்த வழியில் கால் வைக்கவே கூடாது. உங்கள் சார்பில் ஒரு வழக்கறிஞரை வைத்து மூலப் பத்திரம் தொடங்கி வில்லங்கம் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவரின் வழக்கறிஞரே போதும் என்று விட்டுவிடாதீர்கள். பின்புறம் பைன் மரக்காடு சேர்ந்து வந்தால், அது வரிச் சலுகைக்காகப் பத்தாண்டு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். நடுவில் அந்த நிலத்தைக் கடைக்கு எடுத்தால், கழிந்த ஆண்டுகளில் மிச்சப்பட்ட வரியை இரட்டிப்பாகக் கட்ட வேண்டும்.

விற்பவர் பாக்கி வைத்த விற்பனை வரி வாங்கியவர் தலையில் விழும். வருவாய்த் துறையிலிருந்து பாக்கி இல்லை என்ற சான்று வரும்வரை, வரிக்கு ஈடான தொகையை விலையிலிருந்து பிடித்து வைக்கச் சட்டமே சொல்கிறது. கூச்சப்படாமல் பிடித்து வையுங்கள். ஒவ்வொரு கவுண்டிக்கும் சட்ட அறிவிப்புகள் வெளியிட ஒரு வாரப் பத்திரிகை உண்டு. கடன் கட்டாத சொத்துகள் நான்கு வாரம் அதில் அறிவிக்கப்பட்டு, மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை கோர்ட்ஹவுஸ் படியில் ஏலம் போகும். ஓராண்டுப் பழைய இதழ்களைப் புரட்டினால் யார் கடை எப்போது நொடித்தது என்பது தெரியும். மாநில நெடுஞ்சாலைத் துறையின் திட்டங்களையும் பார்த்துவிடுங்கள். நான்கு வழிச்சாலை ஊரை விட்டு விலகிப் போனாலோ, வாசலுக்கு நேரே நடுத்திட்டு வந்தாலோ, அந்தக் கடையின் கதை முடிந்தது.

உரிமங்கள் கடையோடு கைமாறாது. இதைத்தான் பலர் கடைசியில் தெரிந்துகொள்கிறார்கள். உணவு உதவி அட்டையை ஏற்கும் ஸ்நாப் அனுமதி, மது, லாட்டரி, உணவு விற்பனை, எல்லாமே புதிய பெயரில் புதிதாக வாங்க வேண்டியவை. முந்தைய உரிமையாளரின் ஸ்நாப் இயந்திரத்தில் ஒரு நாள்கூட அட்டை தேய்க்கக் கூடாது. ஜார்ஜியாவில் அந்த உதவி மாதத்தின் 5-இலிருந்து 23-ஆம் தேதி வரை பிரித்துப் பிரித்து வருகிறது. கிராமக் கடையின் வியாபாரமே அந்த நாட்களோடு ஏறி இறங்கும். அனுமதி வரும்வரை கையில் இருப்புப் பணம் வேண்டும். காய்கனி, பால், இறைச்சி அல்லது மீன், ரொட்டி தானியம் என்ற நான்கு வகையும் அலமாரியில் எப்போதும் இருக்க வேண்டும். சூடான உணவுக்கும் பீருக்கும் சிகரெட்டுக்கும் அந்த அட்டை செல்லாது. அட்டைக்குப் பதில் ரொக்கம் கொடுத்தால் நிரந்தரத் தடை.

கடைக்குள் காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு கடையில் அதிகபட்சம் ஒன்பது. ஜெயித்தவருக்கு ரொக்கம் தருவது குற்றம். மாத வருமானத்தில் பாதிக்கு மேல் அவற்றிலிருந்து வரக் கூடாது. "கடைக்குள் நல்ல வியாபாரம்" என்று காட்டும் கணக்கில் இந்த வருமானம் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். கள்ளத்தனமாக ரொக்கம் கொடுத்துக் கூட்டிய கூட்டம், நீங்கள் நேர்மையாக நடத்தத் தொடங்கிய மறுநாளே வராது. பெட்ரோல் கணக்குக்கு விற்பவரின் வாய்ச்சொல் உதவாது. 24 மாத லோடு ரசீதுகளும் விற்பனை வரிக் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். அட்டைக் கட்டணம் 2.5 விழுக்காடானால், 3 டாலர் கேலனில் ஏழரை சென்ட் அங்கேயே போய்விடும். கேலனுக்கு 15 சென்ட் லாபம் என்று யாராவது சொன்னால் அது கட்டணத்துக்கு முன்னா பின்னா என்று கேட்க வேண்டும்.

குடும்பத்தோடு அங்கே வாழவும் வேண்டும். ராண்டால்ப் கவுண்டியின் கத்பர்ட் ஊரில் இருந்த மருத்துவமனை 2020 அக்டோபரில் மூடப்பட்டது. பக்கத்து ஸ்டூவர்ட் கவுண்டியில் 2013-லேயே மூடிவிட்டார்கள். பிரசவம் பார்க்கும் மருத்துவமனை எத்தனை நிமிடத் தூரம் என்று இரவில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். தீயணைப்பு நிலையம் சாலை வழியாக 5 மைலுக்கு மேல் தள்ளி இருந்தால், காப்பீட்டு நிறுவனங்களின் தீ அபாயக் கணக்கில் அந்த இடம் கடைசி வகுப்பு. பிரீமியம் எகிறும், சில நிறுவனங்கள் பாலிசியே தராது. 2018-இல் மைக்கேல், 2024-இல் ஹெலீன் புயல்களின்போது தெற்கு ஜார்ஜியாவில் பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும் பம்ப் ஓடாது. ஜெனரேட்டரை வாங்குவது மட்டும் போதாது; மின்கம்பிக்கு மின்சாரம் திரும்பிப் போகாமல் தடுக்கும் மாற்றுச் சுவிட்சை முன்கூட்டியே பொருத்தியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் பார்ப்பதற்கு முன் குடியேற்ற நிலை. இந்தியக் குடிமக்களுக்கு இ-2 முதலீட்டாளர் விசா கிடையாது. இலங்கை, கனடா குடியுரிமை உள்ளவர்களுக்கு உண்டு. ஈழத்தமிழருக்கும் தமிழ்நாட்டுத் தமிழருக்கும் இங்கே பாதை வேறு. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் பங்குதாரராக இருக்கலாம். ஆனால் சனி ஞாயிறில் கல்லாவில் உட்கார்ந்தால், சம்பளம் வாங்காவிட்டாலும் விசா நிலை பறிபோகும். நண்பர் பெயரில் வாங்கி நடத்துவது இரண்டு குடும்பத்தையும் கவிழ்க்கும்.

தங்களிடம் ஒரு கோரிக்கை. இத்தகைய விற்பனை விளம்பரங்கள் வரும்போது, டேங்க் புதைத்த ஆண்டு, ஒற்றைச் சுவரா இரட்டைச் சுவரா, கடைசிக் கசிவுச் சோதனை நடந்த தேதி, இந்த மூன்றையும் விளம்பரத்திலேயே போடச் சொல்லிக் கேளுங்கள். தர மறுப்பவரின் விளம்பரத்தை வெளியிடாதீர்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள்,
தென்மேற்கு ஜார்ஜியா