சுகர் ஃப்ரீ என்று போட்டிருந்தாலும் உறையைத் திருப்பிப் பாருங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பிறந்தநாளுக்கு வகுப்பில் கொடுக்க எதை வாங்கி அனுப்பினாலும் சரி, டப்பாவுக்கு மாற்றாமல் கடையில் வாங்கிய உறையோடு அப்படியே அனுப்புங்கள். சுகர் ஃப்ரீ பிஸ்கட் என்றால் கட்டாயம் உறையோடுதான். நான் கேட்பது அவ்வளவுதான், ஏன் என்பதுதான் கொஞ்சம் நீளம்.

நம் பள்ளியில் டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளைகள் படிக்கிறார்கள். யார் என்று இங்கே எழுதப் போவதில்லை, நீங்களும் விசாரிக்க வேண்டாம். இனிப்பு அதிகம் தின்றதால் வந்த நோய் இல்லை இது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் வருகிறது. இந்தப் பிள்ளைகள் சாப்பிடுவதற்கு முன் தட்டில் எத்தனை கிராம் கார்போஹைட்ரேட் இருக்கிறது என்று பார்த்து, டாக்டர் சொல்லிக் கொடுத்த கணக்குப்படி இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள். அரிசி, மைதா, கிழங்கு, பழம், சர்க்கரை எல்லாமே அந்தக் கணக்கில் வரும்.

இவர்களுக்கென்று தனியாக சுகர் ஃப்ரீ வாங்கி அனுப்புகிறவர்கள் உங்களில் நிறையப் பேர். நல்ல மனசு, மறுக்கவில்லை. ஆனால் 100 கிராமில் சர்க்கரை அரை கிராமைத் தாண்டாவிட்டால் அப்படிப் போட்டுக்கொள்ள நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி இடம் கொடுக்கிறது, உள்ளே இருக்கும் மாவைப் பற்றி அந்த இரண்டு வார்த்தை எதுவும் சொல்லாது. நம் சேலத்து ஜவ்வரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை கிட்டத்தட்ட கிடையாது, ஆனால் 100 கிராமில் 85 கிராமுக்கு மேல் கார்போஹைட்ரேட், மரவள்ளிக் கிழங்கு மாவுதானே அது. அதற்காக ஜவ்வரிசி தின்றால் சர்க்கரை ஏறாது என்று நம் ஊரில் யாராவது சொல்வோமா?

அதனால் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்க அட்டவணைக்குப் போங்கள். கார்போஹைட்ரேட் என்று ஒரு வரி இருக்கும், அதற்குக் கீழே சர்க்கரை, சேர்த்த சர்க்கரை என்று இருக்கும். கீழே உள்ளவை மேலே உள்ளதற்குள் அடங்கியவை, நமக்கு வேண்டியது மேல் வரி. அங்கே 100 கிராமுக்கு 68 என்று போட்டிருக்கிறது, பிள்ளை தின்பது 30 கிராம் பிஸ்கட் என்று வைத்துக்கொள்ளுங்கள், 20 கிராம் கார்போஹைட்ரேட் ஆகிவிட்டது. நாலைந்து டீஸ்பூன் சர்க்கரையில் இருக்கும் அளவு. இதை 'இனிப்பே இல்லை கண்ணு, சாப்பிடு' என்று கொடுத்தால் அந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் ஊசி போடும்? சில உறைகளில் ஒரு பரிமாறலுக்கு, அதாவது ஒரு தடவை சாப்பிடும் அளவுக்கு, இவ்வளவு என்றும் தனியாகப் போட்டிருப்பார்கள். அந்தப் பரிமாறல் எத்தனை கிராம் என்று பார்க்காமல் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

மூலப்பொருள் பட்டியலில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால் கவனம், அது மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி. அட்டவணையில் அது சர்க்கரை வரியில் வராது, ரத்தத்தில் மட்டும் குளுக்கோஸுக்குச் சளைக்காமல் ஏறும். மால்டிடால், சார்பிடால் வேறு வகை, சர்க்கரைக்குப் பதிலாக இனிப்புக்குப் போடுபவை. இவை ஓரளவுதான் உடம்பில் சேரும், அதனால் இவற்றில் பாதியைக் கணக்கில் சேர்க்கச் சொல்லும் டாக்டர்கள் உண்டு; எரித்ரிடால் என்றால் ஏறக்குறைய ஏறுவதே இல்லை. மால்டிடால் மிட்டாயை அதிகம் தின்றால் எந்தப் பிள்ளைக்கும் வயிறு கலக்கும், உறையிலேயே பொடி எழுத்தில் அதைப் போட்டிருப்பார்கள்.

'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்பது இன்னொரு சமாச்சாரம். மாம்பழச் சாற்றில் வெளியிலிருந்து போடவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம், மாம்பழத்தில் இருப்பது எங்கே போகும்? வெல்லம், கருப்பட்டி, பேரீச்சம்பழம் போட்ட லட்டுக்கும் இதே கதைதான். தீபாவளிக்குக் கடைகளில் எடை போட்டுத் தரும் சர்க்கரை இல்லாத ஸ்வீட்டில் அட்டவணையே இருக்காது, அதை வகுப்புக்கு வேண்டவே வேண்டாம். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களுடைய டப்பாவையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று, இதுதான் அவசரமானது. ஏற்காட்டு மேட்டுப் பாதையில் நடந்து வந்தாலோ விளையாட்டுப் பீரியடில் ஓடியாடினாலோ இந்தப் பிள்ளைகளுக்குச் சில சமயம் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். அப்போது உடனே கொடுக்க வேண்டியது குளுக்கோஸ் அல்லது சாதாரண சர்க்கரை போட்ட ஜூஸ், எவ்வளவு என்பது டாக்டர் எழுதித் தந்த சீட்டில் இருக்கிறது. சுகர் ஃப்ரீ பானம் அந்த நேரத்தில் எதற்கும் உதவாது. சாக்லேட்டும் கொழுப்பு கலந்திருப்பதால் தாமதமாகத்தான் ஏறும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான். ஆசிரியர்களுக்கு இதைச் சொல்லி வைத்திருக்கிறோம். வழியில் கூட வரும் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லி வையுங்கள்.

உறை இல்லாமல் வரும் தின்பண்டத்தை அலுவலகத்தில் வாங்கி வைத்துவிட்டு மாலையில் உங்கள் பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம். பென்சில், ரப்பர் அனுப்பினால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
ஏற்காடு