சிவப்பு இரையின் குளிர்காலச் சேமிப்பு: நோர்வே கடற்றொழில் அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும்,

நோர்வேயின் வடகோடி மாகாணமான பின்மார்க்கின் கரையோரத்து மீன் பதனிடும் ஆலைகளில் 1980களிலிருந்து உழைத்து வாழ்ந்த ஈழத்தமிழர் குடும்பமொன்றிலிருந்து இம்மடலை எழுதுகிறேன். எங்கள் பெற்றோரின் கத்திக்கு வந்த கோட் மீன்கள் குஞ்சுப் பருவத்தில் உண்டு வளர்ந்தவற்றுள் முதன்மையானது, 1770இல் ஆயர் யொஹான் ஏர்ன்ஸ்ட் குன்னெருஸ் இம்மாகாணத்தின் பெயரையே இட்டு விவரித்த கலனஸ் பின்மார்க்கிகஸ் என்னும் துடுப்புக்காலியின் (இறால், நண்டுகளுக்கு உறவான, கடல்நீரில் மிதந்து வாழும் சிற்றுயிரின்) இளம் பருவம். மீனவர்கள் அதனைச் 'சிவப்பு இரை' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர்.

இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளமே உள்ள இவ்வுயிர், வசந்தத்தில் பெருகும் நுண்பாசிகளைத் தின்று, தன் உடற்கொள்ளளவில் பாதிக்கும் மேற்பட்ட இடத்தைப் பிடிக்கக்கூடிய ஓர் எண்ணெய்ப் பையை நிரப்பிக்கொள்கிறது. அப்பையில் இருப்பது பெரும்பாலும் மெழுகு எசுத்தர் என்னும் ஒருவகைக் கொழுப்பு. ஐந்தாம் இளம் பருவத்தை எட்டியதும் அது 600 மீற்றருக்கும் கீழே, பூச்சியப் பாகையை ஒட்டிய குளிர்நீருக்குள் இறங்கி, உணவை முற்றாக நிறுத்தி, அனுசேபத்தைத் தாழ்த்திக்கொண்டு மாதக்கணக்கில் உறங்குகிறது. மெழுகு எசுத்தர் கடல்நீரைவிட எளிதில் அமுங்குவதால், ஆழத்தின் அழுத்தத்தில் அதன் அடர்த்தி கூடுகிறது. எனவே நீந்திச் சக்தியை இழக்காமல் அங்கேயே மிதந்திருக்க அது துணைசெய்கிறது. உணவும் மிதவையும் ஒரே பொருளில் அடங்கியிருப்பதை நினைக்கும்போதெல்லாம் நான் வியந்துபோகிறேன். குளிர்காலம் முடிகையில் எஞ்சிய கொழுப்பைக் கொண்டே அது முதிர்ச்சியடைந்து, முட்டையிட மேலே வருகிறது.

உறக்கத்தில் எரியும் கொழுப்பின் காபன், மேற்பரப்புக்கு எளிதில் மீள முடியாத ஆழத்திலேயே காபனீரொட்சைட்டாக வெளியேறுகிறது. வட அத்திலாந்திக்கில் இவ்வினம் ஆண்டுதோறும் சதுர மீற்றருக்கு 1 முதல் 4 கிராம் காபனை இவ்வாறு கீழே கொண்டுசெல்வதாக 2015இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. கொழுப்பில் நைதரசனோ பொசுபரசோ அநேகமாக இல்லாமையால், மேற்பரப்பின் ஊட்டச்சத்துக் குறையாமலே காபன் மட்டும் இறங்குகிறது என்பதும் கவனத்திற்குரியது.

2019இல் இவ்வினத்தின் வணிக அறுவடைக்கு அனுமதியளித்து, ஆண்டுக்கு 2,54,000 தொன் வரை பிடிக்கலாம் என வரையறுத்தீர்கள். இன்று பிடிக்கப்படுவது அதில் ஒரு சிறு பகுதியே என்பதையும், நோர்வேக் கடலின் மொத்த இருப்புடன் ஒப்பிட அது குறைவே என்பதையும் நேர்மையாக ஏற்கிறேன். ஆயினும் தொன் என்பது இவ்வுயிரை அளக்கப் போதிய அளவையன்று. முதன்மையாக எண்ணெய்க்காக இது பிடிக்கப்படுகிறது. எண்ணெய் நிறைந்த ஐந்தாம் பருவமோ, இறங்கவும் அடுத்த தலைமுறையை ஈனவும் ஆயத்தமாக நிற்கும் பருவம். கடல் வெப்பமடையுந்தோறும் உறங்கும் உயிர் தன் சேமிப்பை விரைந்து எரித்துவிடும் என்பதால், ஒரே எடையுள்ள, இரு வெவ்வேறு ஆண்டுகளின் கூட்டங்கள் ஒரே அளவில் பிழைத்துவரும் என்று கொள்வதற்கில்லை.

ஆகவே, ஒதுக்கீட்டை மீளாயும்போது எடையோடு கொழுப்பின் அளவையும் ஒவ்வோர் ஆண்டும் அளந்து வெளியிடவும், கூட்டம் ஆழத்திற்கு இறங்கத் தொடங்கும் வாரங்களில் அறுவடையை நிறுத்தவும், ஆழத்தில் உறங்குவனவற்றின்மீது எக்காலத்திலும் வலை இறங்காதவாறு விதியில் எழுதவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பின்மார்க்கில் வளர்ந்த ஒருவர்