கம்பைக் கடைசியில் வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் போதும், கன்னடியன் கால்வாயிலும் கோடகன் கால்வாயிலும் பாளையங்கால்வாயிலும் தூண்டிலும் கையுமாக இளைஞர்கள் வந்துவிடுகிறார்கள். கைப்பேசியை மடியில் வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் தண்ணீரைப் பார்த்து உட்காரும் பிள்ளைகளைக் காண்பது சந்தோஷமான காரியம். ஆனால் அவர்களில் பாதிப் பேர் வைத்திருப்பது கடலுக்கான கம்பு. பெருவிரல் பருமன், விறைத்த நுனி, 0.40 மி.மீ. தங்கூஸ் நரம்பு, சுட்டுவிரல் அகலத்துக்குத் தூண்டில் முள். அந்த நரம்பு ஏழெட்டு கிலோவைத் தாங்கும். கால்வாயில் வருகிற கெண்டையோ நூறு கிராம் இருந்தால் அதிகம். அதன் வாய்க்குள் அந்த முள் நுழையவே நுழையாது. இரையைச் சுற்றிலும் கொறித்துத் தின்றுவிட்டுப் போய்விடும். "ஆத்துல மீனே இல்ல" என்று பையன் வீட்டுக்குத் திரும்புகிறான்.

கடைக்குப் போனதும் முதலில் கம்பைப் பார்ப்பதுதான் இந்தத் தவறின் வேர். வரிசையைத் திருப்புங்கள். என்ன மீன் என்று முடிவு செய்தால் முள் எது என்று தெரியும். முள் நரம்பைத் தீர்மானிக்கும், நரம்பு தக்கையைத் தீர்மானிக்கும். இவ்வளவும் முடிந்தபின்தான் கம்பு.

முள்ளுக்கு எண் உண்டு. எண் கூடக்கூட முள் சிறுக்கும் என்பது புதியவர்களுக்குத் தெரிவதில்லை. கெண்டைக்கு 14 அல்லது 16, ஜிலேபி மீனுக்கு 10 அல்லது 12, கெளுத்திக்கு 8 அல்லது 10 சரியாக இருக்கும். தடித்த கம்பியில் செய்த முள் சிறியதாக இருந்தாலும் வேண்டாம். அதன் கனத்தில் இரை தொங்கும், மீனுக்குச் சந்தேகம் வந்துவிடும். கூர்மையைப் பார்க்க, முள்ளின் நுனியைக் கட்டைவிரல் நகத்தின்மேல் மெல்ல இழுங்கள். பற்றி நின்றால் கூர்மை, வழுக்கினால் மழுங்கல். கண் இல்லாத, தட்டைத் தலை முள்ளானால் ஏழு எட்டுச் சுற்றுச் சுற்றிக் கட்ட வேண்டும். நரம்பு முள்ளின் உட்பக்கமாக, கூர் பார்க்கும் பக்கமாக வெளிவர வேண்டும். பின்பக்கமாக வந்தால், இழுக்கும்போது முள் சாய்ந்து மீன் வாயிலிருந்து நழுவும்.

நரம்பில் இரண்டு துண்டு வேண்டும். மேலே ஓடுவது 0.16 அல்லது 0.18 மி.மீ. முள் கட்டும் அடித்துண்டு 0.12 அல்லது 0.14, நீளம் 15 முதல் 25 செ.மீ. இரண்டு முனைகளிலும் கண்ணி போட்டு ஒன்றுக்குள் ஒன்று கோத்துவிடலாம். அடித்துண்டு மெல்லியதாக இருப்பது மீனின் கண்ணை ஏமாற்ற மட்டும் அல்ல. அமலை எனும் ஆகாயத்தாமரைச் செடியிலோ மருதமர வேரிலோ முள் சிக்கினால் அந்தச் சாண் நீளம் மட்டும் அறும், தக்கையும் ஈயமும் கையோடு திரும்பும். ஒரே தடிமனில் கட்டியிருந்தால் எங்கே அறும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் தக்கைக்கு மேலே அறுந்து, எல்லாமே ஆற்றோடு போகும். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். காய்ந்த நரம்பு உரசிச் சூடேறி முடிச்சிலேயே பலம் இழக்கும். கடை வாசலில் வெயில் படத் தொங்குகிற நரம்புச் சுருளை வாங்கவே வாங்காதீர்கள். நம் ஊர் வெயில் நைலானைச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

இனி தக்கை. இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். ரப்பர் செருப்பை வெட்டிய துண்டோ தெர்மோகோல் உருண்டையோ மிதக்கும், மறுக்கவில்லை. ஆனால் அளவுக்கு மீறி மிதக்கும். கெண்டை இரையை உறிஞ்சும்போது தக்கை மேலே பிடித்து இழுத்தால் அது உடனே துப்பிவிடும். நல்ல தக்கை முங்குவதற்குத் தயாராகவே நிற்கும், நுனி 5 மி.மீ. மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். அதற்குத் தக்க எடை ஏற்ற வேண்டும். தக்கையில் 0.8 கிராம் என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். நரம்பில் கவ்வவைக்கும் வாய் பிளந்த ஈயமணிகளில் பிபி (BB) எனும் அளவு ஒன்று 0.4 கிராம், 4-ஆம் எண் ஒன்று 0.17 கிராம், 8-ஆம் எண் ஒன்று 0.06 கிராம். பிபி ஒன்று, 4-ஆம் எண் இரண்டு, 8-ஆம் எண் ஒன்று சேர்த்தால் 0.80 சரியாக வரும். பிபியை முள்ளுக்கு அரை மீட்டர் மேலே வையுங்கள். 4-ஆம் எண் மணிகள் அதற்குக் கீழே, கண்ணிக்கு மேலே இருக்கட்டும். 8-ஆம் எண் மட்டும் அடித்துண்டில், முள்ளிலிருந்து நாலு விரல் உயரத்தில். மீன் வந்ததை முதலில் சொல்வது அந்தக் கடைசிச் சின்ன மணிதான்.

அச்சிட்ட எடையை அப்படியே நம்பிவிட வேண்டாம். வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கரையில் நின்று செய்தால் அரை மணி நேரம் போய்விடும்.

காசு கொடுத்துத் தக்கை வாங்க முடியாத பிள்ளைகளுக்கு ஒரு வழி உண்டு. நம் வயல்வெளிகளில் உதிர்ந்து கிடக்கும் மயிலிறகின் அடித்தண்டை ஒரு சாண் வெட்டி எடுத்தால், கடைத் தக்கைக்கு எந்த விதத்திலும் குறையாது. சைக்கிள் வால்வு டியூபில் 4 மி.மீ. அகலத் துண்டு இரண்டு வெட்டி, நரம்பைக் கோத்து, தண்டின் மேலும் கீழும் மாட்டிவிட்டால் ஏற்ற இறக்கவும் வசதி. உதிர்ந்த இறகு மட்டும்தான். பறவையைத் தொடக்கூடாது.

ஓடும் தண்ணீருக்கும் நிற்கும் தண்ணீருக்கும் தக்கை வேறு. ஆற்றில், கால்வாயில் தோள் பருத்து அடி சிறுத்த தக்கையை மேலும் கீழும் இரண்டு இடத்தில் பிடிக்க வேண்டும். ஓட்டத்தோடு விட்டு, அவ்வப்போது லேசாகத் தடுத்தால் இரை முன்னால் மிதந்து போகும். மானூர், கங்கைகொண்டான் போன்ற திறந்தவெளிக் குளங்களில் சங்கதி வேறு. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், ஒரு கிராம் தக்கை எந்த மூலைக்கு? செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றுக்கு 2 முதல் 4 கிராம் தாங்கும் நீளத் தக்கையை அடிமுனையில் மட்டும் கோக்க வேண்டும். எடையில் முக்கால் பங்கைத் தக்கையின் இருபுறமும் நெருக்கிப் பூட்டிவிடுங்கள். குறி வைத்த இடத்தைத் தாண்டி எறிந்து, கம்பு நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, ரீலை இரண்டு சுற்று வேகமாகச் சுற்றினால் நரம்பு முங்கிவிடும். முங்காத நரம்பைக் காற்று வில்லாக வளைத்துத் தக்கையை இழுத்துக்கொண்டே போகும். புது நரம்பு எண்ணெய்ப் பசையால் மிதந்தால், பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் ஒரு சொட்டு சுருளில் தடவினால் போதும்.

ஆழம் பார்க்காமல் போடுவது வீண். முள்ளில் 10 கிராம் ஈயத்தை மாட்டி இறக்குங்கள். தக்கை முழுவதும் முங்கினால் தக்கையை மேலே ஏற்றுங்கள், படுத்துக் கிடந்தால் கீழே இறக்குங்கள், நுனி மட்டும் தெரிந்தால் அதுதான் ஆழம். கெளுத்திக்கு இரை தரையைத் தொட வேண்டும். கெண்டைக்குத் தரையிலிருந்து ஒரு சாண் மேலே. ஜிலேபி கரையோரம் வட்டக் குழி பறித்து முட்டையிடும். அந்தக் குழிக்குப் பக்கத்தில் முழங்கால் ஆழமே போதும். ஜிலேபி கடித்தால் தக்கை முங்காமல் மேலே எழும்பிச் சாயும், அல்லது பக்கவாட்டில் நகரும். முங்கட்டும் என்று காத்திருந்தால் இரை போயிருக்கும். கெளுத்தி ஒரே இழுப்பாகக் கீழே கொண்டுபோகும், முள்ளையும் விழுங்கியிருக்கும். கழற்றும்போது அதன் முதுகு முள்ளும் பக்க முள்ளும் குத்தாமல் துணியால் பிடியுங்கள்.

இரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மண்புழு எல்லாவற்றுக்கும் ஆகும். மைதா உருண்டை கரைந்து போனால் பிசையும்போது கொஞ்சம் பஞ்சு சேருங்கள். உருண்டை கோணலாக இருந்தால் இழுக்கும்போது சுழன்று அடித்துண்டு முறுக்கிக்கொள்ளும்.

இப்போது கம்பு. கால்வாய்க்கு ரீல் இல்லாத, ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் கம்பு 3 அல்லது 3.6 மீட்டர், ஆற்றுக்கு 4.5 மீட்டர். அதற்கு மேல் போனால் மணிக்கட்டு தாங்காது, மருதமரக் கிளைகளிலும் மாட்டும். நரம்பைக் கம்பின் நீளத்தைவிட ஒரு சாண் குறைவாக விடுங்கள், மீன் நேராகக் கைக்கு வரும். குளத்துக்கு ரீல் வேண்டுமென்றால் மூன்று துண்டாகக் கழலும் 3.6 முதல் 3.9 மீட்டர் கம்பும் 2000 அல்லது 2500 அளவு ரீலும் போதும். கம்பில் அச்சிட்டிருக்கும் எறி எடை 5 முதல் 15 கிராமுக்குள் இருக்கட்டும். 40, 80 என்று போட்டிருந்தால் அது வேறு வேலைக்கு. மெல்லிய நரம்பு அறாமல் இருப்பது அதன் பலத்தால் மட்டும் அல்ல, கம்பின் நுனி வளைந்துகொடுப்பதால்தான். விறைத்த கம்பில் 0.12 நரம்பைக் கட்டிச் சுண்டினால் முதல் மீனிலேயே அறும். பிறகு நரம்பின் மேல் பழி போடுவோம்.

கடையில் ரீலையும் மாட்டச் சொல்லிக் கையில் பிடித்துப் பாருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடியிலிருந்து நுனிவரை பார்த்தால் கோணல் தெரியும். வளையங்களுக்குள் பஞ்சை இழுத்துப் பாருங்கள், இழை சிக்கினால் அங்கே வெடிப்பு இருக்கிறது, நரம்பை அறுக்கும். லேசாக ஆட்டி நிறுத்தினால் நுனியின் நடுக்கம் சட்டென்று அடங்க வேண்டும். கையால் நுனியைப் பிடித்து வளைத்துச் சோதிக்காதீர்கள், நல்ல கம்பும் அப்படித்தான் ஒடியும். சின்னப் பிள்ளைகளுக்கு ஃபைபர் கம்பு கொஞ்சம் கனமானாலும் நல்லது. கார்பன் கம்பு படித்துறைக் கல்லில் ஒருமுறை இடித்தால் வெளியே தெரியாத கீறல் விழும், பத்து நாள் கழித்து எறியும்போது காரணமே இல்லாதது போல முறியும். விரிக்கும்போது நுனித் துண்டிலிருந்து தொடங்குங்கள், மடக்கும்போது அடித்துண்டிலிருந்து. மணல் புகுந்து இறுகிவிட்டால் முறுக்கிக் கழற்றுங்கள், பிடித்து இழுக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அடிமூடியைத் திறந்து நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கால்வாய்க் கரைகளில் பம்புசெட்டுகளுக்குப் போகும் மின்கம்பிகள் பல இடங்களில் தாழ்ந்து தொங்குகின்றன. 4.5 மீட்டர் கம்பை நிமிர்த்தும் முன் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கம்பிக்கு அடியில் உட்காரவே கூடாது. ஐப்பசி இடிமழை நாள்களில் முதல் இடிச்சத்தம் கேட்டதுமே மடக்கிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் தண்ணீர் திறக்கும் நாள்களில் ஆற்றின் நடுவே பாறையில் நிற்பதும் அப்படித்தான், மட்டம் சத்தமில்லாமல் ஏறும். குளங்களில் மீன்பாசி எனும் மீன்பிடி உரிமையைக் குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் தூண்டிலே கூடாது.

கடைக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஈயமணிக்குப் பதிலாகத் தகரம் அல்லது டங்ஸ்டன் மணிகளை வரவழைத்து வையுங்கள். வாத்து இனங்கள் இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். சேற்றில் கிடக்கும் ஈயமணியையும் கல் என்றே விழுங்கி விஷமேறிச் சாகும். அன்னங்கள் இப்படிச் செத்ததால்தான் இங்கிலாந்தில் 1987-இலேயே தூண்டிலுக்கான சிறு ஈய எடைகளின் விற்பனையை நிறுத்தினார்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் நம் மாவட்டத்தில் இருக்கிறது. இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகள் அங்கே வருகின்றன. அவை இரவில் மேய்கிற குளங்களில்தான் நாமும் தூண்டில் போடுகிறோம். மணியைப் பல்லால் கடித்து நசுக்கும் பழக்கத்தையும் விட வேண்டும், அந்த ஈயம் நம் வயிற்றுக்குள்ளும் போகும்.

அதோடு 14, 16 எண் முள்ளும், 0.12, 0.14 நரம்பும், ஒரு கிராமுக்குக் குறைந்த தக்கையும் நெல்லையிலேயே கிடைக்கும்படி செய்தால் பிள்ளைகள் கடல் கம்பைத் தேடிப் போக மாட்டார்கள். அறுந்த நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வராமல், சட்டைப்பையில் சுருட்டி வைத்து, வீட்டுக்கு வந்து விரல் நீளத் துண்டுகளாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள். கொக்கின் கால் சிக்குவது அந்த முழு நீள நரம்பில்தான்.

இப்படிக்கு,
ஆற்றங்கரை வாசகர்கள்,
சேரன்மகாதேவி.